காக்கியைக் கழற்றச் சொல்லும் சட்டம்

பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கப் போகும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. போக்சோ சட்டத்தின் 24-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. குழந்தையின் வீட்டிலோ, குழந்தை வழக்கமாகத் தங்கும் இடத்திலோ, குழந்தை விரும்பும் வேறோர் இடத்திலோ போய்த்தான் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும். கூடுமானவரை அந்த அதிகாரி, சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் எந்த வகையிலும் குழந்தையின் எதிரே வரக் கூடாது. என்ன காரணம் சொன்னாலும் சரி, இரவில் ஒரு குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்த சட்டம் இது. பதினெட்டு வயது நிரம்பாத எவரும், ஆணோ பெண்ணோ, இதன்படி குழந்தைதான். 2019-ல் கொண்டுவந்த திருத்தம் கொடிய குற்றங்களுக்கு மரண தண்டனையைச் சேர்த்தது. தலைப்புச் செய்தியானது அதுதான். டீக்கடையிலும் டி.வி. விவாதத்திலும் இன்றுவரை பேசப்படுவதும் அதுதான். ஆனால், தண்டனை என்பது வழக்குக் கட்டின் கடைசித் தாள். குழந்தையின் கதி முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில், ஸ்டேஷன் வாசலிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் தீர்மானமாகிவிடுகிறது. போலீஸுக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் குழந்தையைப் பாதிதான் காக்கும். அந்த அதிகாரத்துக்குப் போட்டிருக்கும் கடிவாளம்தான் மீதிப் பாதியைக் காக்கிறது. அந்த இரண்டாவது பாதியை நாம் கேட்டு வாங்குவதே இல்லை.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசிய ஆய்வு. அவர்களில் பாதிக்கும் மேலானவர்கள், 53.22 சதவிகிதம் பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். சட்டத்துக்கே வழிகோலிய எண் அது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 1,62,449. அவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு போக்சோ வழக்குகள். இவையெல்லாம் ஸ்டேஷன் படியேறி, எஃப்.ஐ.ஆர். ஆனவை மட்டுமே.

படியேறியவர்களுக்கு என்ன நடக்கிறது?

அனைத்து மகளிர் காவல் நிலையம் என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு 1992-ல் தொடங்கியது. இன்று போக்சோ புகார்களில் பெரும்பாலானவை அங்கேதான் போகின்றன. எண்ணம் நல்லது. ஆனால் அந்த முன்கூடத்தை ஒரு முறை பாருங்கள். சுவரோரம் ஒரு பெஞ்ச். அதில் புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்த பெண், அவளுடைய மாமியார், இரண்டு பக்கத்துச் சொந்தங்கள், நகையைத் திருப்பித் தரச் சொல்லும் அண்ணன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஏட்டம்மா இரண்டு தரப்பையும் அதட்டிக்கொண்டிருக்கிறார். வயர்லெஸ் இரைகிறது. பெஞ்சின் ஓரத்தில் பள்ளி யூனிஃபார்மோடு ஒரு பெண் குழந்தை, அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி. நடந்ததை ரைட்டரிடம் ஒரு முறை சொல்ல வேண்டும், எஸ்.ஐ.யிடம் ஒரு முறை, பந்தோபஸ்து முடிந்து இன்ஸ்பெக்டர் வந்ததும் இன்னொரு முறை. சட்டம் எழுதியவர்கள் தவிர்க்க நினைத்தது அச்சு அசலாக இந்தக் காட்சியைத்தான்.

இவ்வளவும் ஆன பிறகு கையில் கிடைப்பது பல நேரம் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. “விசாரிச்சுட்டுக் கூப்பிடறோம்மா” என்பார்கள். கூடவே, “பொம்பளப் புள்ள வாழ்க்கை, யோசிச்சுக்குங்க” என்ற அறிவுரையும் வரும். அந்த விசாரணைக்குள் எதிர்த் தரப்புக்குத் தகவல் போய்விடும், ஊர்ப் பெரியவர்கள் வந்துவிடுவார்கள், சமாதானப் பேச்சு தொடங்கிவிடும். கைது செய்யக்கூடிய குற்றம் என்று தெரியும் புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. போக்சோ சட்டத்தின் 21-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தகவல் கிடைத்தும் அதைப் பதிவு செய்யாத போலீஸ் அதிகாரிக்கே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். “இது எங்க லிமிட் இல்ல, அந்த ஸ்டேஷன் போங்க” என்ற பழைய பல்லவிக்கும் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும். விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

பெண் அதிகாரிகள் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதற்கில்லை. 2024-ல் சென்னை அண்ணா நகர் வழக்கில், புகார் கொடுக்க வந்த பெற்றோரையே மகளிர் காவல் நிலையத்தில் தாக்கினார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியது. மாநில அரசு மேல்முறையீடு செய்ய, உச்ச நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு ஒன்றை அமைத்தது. குற்றச்சாட்டின் உண்மையை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால், குழந்தைக்காக நியாயம் கேட்டு வருகிற தாய் தகப்பன் ஸ்டேஷனைப் பார்த்துப் பயப்படும் நிலை இருக்கும்வரை, எந்தச் சட்டப் பிரிவும் அந்தக் குழந்தையை எட்டாது.

காணாமல் போன குழந்தைகள் விஷயத்தில் இந்த அலட்சியம் என்ன விலை கேட்டது என்பதை நாடு 2006 டிசம்பரில் பார்த்தது. டெல்லியை ஒட்டிய நொய்டாவின் நிதாரி கிராமத்தில் ஒரு பங்களாவுக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக அந்த ஊர்க் கூலித் தொழிலாளிகள் பிள்ளையைக் காணோம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக நடந்திருக்கிறார்கள். ஓடிப்போயிருக்கும், திரும்பி வந்துவிடும் என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். பிறகு வழக்கு நடந்தது, மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், புலனாய்வு நடந்த விதத்தைக் கடுமையாகச் சாடிவிட்டு, மேல்முறையீட்டுக்கு வந்த வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. முதலில் கேட்கவில்லை, பிறகு ஒழுங்காகத் துப்புத் துலக்கவும் இல்லை. அந்தப் பெற்றோர்களுக்கு இரண்டு முறை அநியாயம் நடந்தது. நிதாரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முதல் மறுப்புதான் உறுத்துகிறது. அன்று ஒரு ரைட்டர் பேனாவை எடுத்திருந்தால், அடுத்துக் காணாமல் போனவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்?

2013 மே மாதம், ‘பச்பன் பச்சாவோ ஆந்தோலன்’ அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக உத்தரவிட்டது. குழந்தையைக் காணோம் என்று யார் புகார் கொடுத்தாலும் உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். கடத்தப்பட்டிருக்கலாம் என்ற அனுமானத்தோடுதான் விசாரணையைத் தொடங்க வேண்டும். நான்கு மாதத்தில் கண்டுபிடிக்க முடியாவிட்டால், ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு வழக்கு போய்விட வேண்டும். எனவே, “ரெண்டு நாள் சொந்தக்காரங்க வீட்டுல தேடிட்டு வாங்க” என்று எந்த ஸ்டேஷனிலாவது சொன்னால், அது உச்ச நீதிமன்ற உத்தரவை மீறிய பேச்சு. முதல் சில மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்பது பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே பிளாட்பாரத்திலும் வேலை பார்க்கிற எந்தப் போலீஸ்காரருக்கும் தெரியும்.

இனி, போலீஸின் இன்னொரு பெரிய அதிகாரம். குழந்தைக்குப் பாதுகாப்பு தேவை என்று தோன்றினால், காரணத்தை எழுத்தில் பதிந்துவிட்டு இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் காப்பகத்திலோ ஆஸ்பத்திரியிலோ சேர்க்கலாம். அதே இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் நலக் குழு என்பது ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அமைப்பு. அதற்கு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு. குழந்தையைக் குடும்பத்திடமிருந்து பிரிக்க வேண்டுமா, கூடாதா என்பதை மூன்று நாட்களில் குழு முடிவு செய்ய வேண்டும், அதுவும் குழந்தையின் விருப்பத்தைக் கேட்டு. வீட்டுக்குள்ளிருந்து பிள்ளையைத் தூக்கிப் போகும் அதிகாரம் போலீஸ் கையில் மட்டும் இருந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. மிகச் சரியான ஏற்பாடு.

என் மனக்குறை வேறொன்று. தீங்கு செய்தவர் வீட்டிலேயே இருக்கும் வழக்குகளில் இடம் பெயர்வது பெரும்பாலும் குழந்தைதான். பள்ளி போகிறது, தோழிகள் போகிறார்கள், அம்மாவின் அணைப்பும் போகிறது. தப்பு செய்தது தானோ என்று குழந்தை நினைக்காமல் என்ன செய்யும்? இன்னொரு பக்கம், சம்பாதிக்கிற ஆளே குற்றவாளிக் கூண்டில் நின்றால் அடுத்த வாரம் அரிசிக்கு என்ன வழி என்று தாய் தவிக்கிறாள். சாட்சிகள் பிறழ்வது நீதிமன்றத்தில் அல்ல, அடுப்படியில். 2020-ல் வந்த போக்சோ விதிகள் இதை உணர்ந்திருக்கின்றன. சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும். தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடும் சிறப்பு நீதிமன்றம் தரலாம். இந்த இரண்டு விதிகளும் தங்களுக்கு உண்டு என்று தெரிந்த தாய்மார்கள் மிகக் குறைவு. முதல் வாரத்தில் கையில் ஐந்தாயிரம் ரூபாய் இருந்திருந்தால் பின்வாங்காமல் நின்றிருக்கக்கூடிய குடும்பங்கள் ஏராளம் என்று இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்திலும் விதி தெளிவு. “போலீஸ் மெமோ எங்கே?” என்று கேட்டு எந்த ஆஸ்பத்திரியும், தனியாராக இருந்தாலும், குழந்தைக்கு அவசர சிகிச்சையை மறுக்க முடியாது. எஃப்.ஐ.ஆர். பதியாமலேயே பரிசோதனை செய்யலாம். பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ பக்கத்தில் இருக்க வேண்டும். பாலியல் வன்முறை வழக்குகளில் இரு விரல் சோதனை செய்யும் டாக்டர் முறைகேட்டுக் குற்றத்துக்கு ஆளாவார் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது.

இதுவரை சொன்னதெல்லாம் போலீஸின் கடமை. நம் கடமையையும் சட்டம் எழுதியிருக்கிறது. குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை தண்டனை உண்டு. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது எந்த வழக்கும் வராது. ‘ஸ்கூல் பேர் கெட்டுடும்’ என்று மூடி மறைத்த எத்தனையோ நிர்வாகங்களை நாம் பார்த்திருக்கிறோம். 2021-ல் கோயம்புத்தூரில் அப்படி ஒரு வழக்கில், தகவல் தெரிந்தும் சொல்லவில்லை என்று பள்ளி முதல்வரே கைதானார். 2022 நவம்பரில், மகாராஷ்டிரத்தில் பழங்குடி மாணவிகளின் விடுதி தொடர்பான வழக்கில், தெரிந்தும் சொல்லாத டாக்டர் விசாரணையைச் சந்தித்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பள்ளி, விடுதி, விளையாட்டுப் பயிற்சி மையம் என்று குழந்தைகள் புழங்கும் எல்லா இடங்களிலும், வேலைக்கு இருப்பவர்களின் பின்னணியைப் போலீஸ் மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து, “வேன் டிரைவருக்கும் பி.டி. மாஸ்டருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் ஆச்சா?” என்று கேட்க வேண்டும். மார்க்கைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

ஆனால் இந்தக் கட்டாயத்துக்கு ஒரு கூர்மையான மறுமுனை உண்டு. பதினாறு, பதினேழு வயதுப் பெண் கர்ப்பத்தோடு டாக்டரிடம் வருகிறாள். டாக்டர் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் தன் பெயர் வெளியே வரும் என்று பயந்து அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல், யாரோ தருகிற மாத்திரையை விழுங்கி உயிருக்குப் போராடுகிறாள். 2022 செப்டம்பர் 29 அன்று வந்த கருக்கலைப்புத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி காட்டியது. சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தகவல் தரும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் சுற்றறிக்கையாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

காதலித்து ஓடிப்போன பதினேழு வயதுப் பெண்ணின் வீட்டார், வேறு சாதிப் பையன் மீது போக்சோ வழக்கு போடச் செய்வது தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் நடப்பது. பருவ வயதுக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கையே ரத்து செய்தார். இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு டி.ஜி.பி. சுற்றறிக்கை அனுப்பினார். சம்மத வயதைக் குறைக்க வேண்டாம் என்று சட்ட ஆணையம் 2023-ல் பரிந்துரைத்தபோதும், 16 முதல் 18 வயதுக்காரர்கள் விஷயத்தில் தண்டனையில் நீதிபதிக்கு நெகிழ்வு வேண்டும் என்றது. வயதைக் குறைப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. குறைத்தால் அதன் நிழலில் ஒளிந்துகொள்ளப் போவது நாற்பது வயது ஆள்கள். ஆனால், சாதி கௌரவத்துக்காகப் போடும் வழக்கையும் குழந்தையைச் சிதைத்தவர் மீதான வழக்கையும் ஒரே தராசில் வைத்துக் கைது எண்ணிக்கை காட்டுவது, உண்மையில் பாதிக்கப்பட்ட குழந்தையின் வழக்குக்குப் போக வேண்டிய நேரத்தைத் திருடுகிறது.

குற்றம் சாட்டப்பட்டதே ஒரு சிறுவன் என்றாலும் கடிவாளம் அதேதான். 2015-ன் இளைஞர் நீதிச் சட்டப்படி அவனை லாக்கப்பில் அடைக்கக் கூடாது, விலங்கிடக் கூடாது, இருபத்து நான்கு மணி நேரத்தில் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விசாரிக்கிற அதிகாரி அங்கேயும் சாதாரண உடையில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இதற்கென்றே ஒரு குழந்தைகள் நலக் காவல் அலுவலர் உண்டு. பெயர்ப் பலகையில் அவர் பெயர் இருக்கும். தேடிப் போனால் பெரும்பாலும் அவர் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார்.

1098 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1996-ல் மும்பையில் தொண்டு நிறுவன முயற்சியாகத் தொடங்கி, போலீஸிடம் போகப் பயந்த குழந்தைகளின் முதல் புகலிடமாக வளர்ந்த எண் அது. 2023-ல் அரசே அதை ஏற்று, அவசர உதவி எண்ணான 112-உடன் இணைத்தது. வேகம் கூடும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால், மறுமுனையில் பேசுகிறவர் ஒரு குழந்தையை அவசரப்படுத்தாமல், குறுக்கே பேசாமல், அது விக்கி விக்கிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சரியான ஆளை நியமிக்காமல் எண்ணை மட்டும் சுவரெங்கும் எழுதி என்ன பயன்?

எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு போலீஸ் செய்ய வேண்டிய ஒரு வேலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். 2020-ன் விதிகளோடு ‘படிவம் ஏ’ என்று ஒரு தாள் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல், இலவச மருத்துவப் பரிசோதனை, மனநல ஆலோசனை, இலவச வக்கீல், குழந்தைக்குத் துணையாக வரும் ஆதரவு நபர், படிப்பைத் தொடர்வது என்று குழந்தைக்கு உள்ள உரிமைகள் அதில் வரிசையாக இருக்கின்றன. அதைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்வது விசாரணை அதிகாரியின் கடமை. யார் கைது, குற்றப்பத்திரிகை எப்போது, வாய்தா என்றைக்கு, ஜாமீன் மனு வந்ததா என்பதையெல்லாம் அவ்வப்போது தெரிவிப்பதும் அவர் கடமைதான். நடப்பது என்ன? குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீனில் வந்துவிட்டார் என்பது, தெருமுனையில் அவரைப் பார்த்த பிறகுதான் குடும்பத்துக்குத் தெரிகிறது. அன்றிலிருந்து குழந்தை பள்ளிக்குப் போக மறுக்கிறது. இதைச் சரிசெய்யப் புதுச் சட்டம் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். ஒவ்வொரு மகளிர் காவல் நிலையத்திலும் ஒரு ரிஜிஸ்டர் போடட்டும். எந்த வழக்கு, என்ன தகவல், எந்தத் தேதியில், யாரிடம் சொன்னோம், அவர் கையெழுத்து. மாதாந்திர ஆய்வுக்கு வரும் டி.எஸ்.பி. கைது எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ரிஜிஸ்டரைக் கேட்கட்டும்.